லெமன் டிராப்: அளவறிந்து கலக்கும் புளிப்பும் இனிப்பும்

நேயர்களுக்கு வணக்கம். எலுமிச்சையின் புளிப்பும் சர்க்கரையின் இனிப்பும் கூடிய வோட்கா காக்டெயில் ஒன்றை வீட்டிலேயே தயாரிப்பது பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். மது அருந்துவதற்குச் சட்டம் அனுமதிக்கும் வயதை எட்டியவர்களுக்கானது இந்த உரை. இதுவரை அருந்தாதவர்கள் இதைக் கேட்டுத் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. ஏற்கெனவே அருந்துகிறவர்கள், அந்த ஒரு கோப்பையையாவது அளவோடும் அக்கறையோடும் தயாரித்து, ருசி அறிந்து மெல்ல அருந்த வேண்டும் என்பதற்காகவே பேச ஒப்புக்கொண்டேன்.

நான் எடுத்துக்கொண்டிருக்கும் பானத்தின் பெயர் லெமன் டிராப். 1970களில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் நார்மன் ஹாப்டே என்பவர் நடத்திய மதுக்கூடத்தில் இது உருவானதாகச் சொல்லப்படுகிறது. எலுமிச்சை மிட்டாயின் பெயரே பானத்துக்கும் வந்தது. பெயர் புதியதானாலும் இதன் வம்சம் பழையது. மாலுமிகளுக்குரிய ரம்மில் தண்ணீர் கலந்தே கொடுக்க வேண்டும் என்று 1740ஆம் ஆண்டில் ஆணையிட்ட ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன், ருசி வேண்டும் என்பவர்கள் சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அதே ஆணையில் எழுதினார். மது, புளிப்பு, இனிப்பு, தண்ணீர் என்ற அந்த நான்கும்தான் இன்றைக்கும் இந்தக் குடும்பத்துப் பானங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இந்த நான்கில் வோட்காவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரம்முக்கும் விஸ்கிக்கும் தமக்கென்று அழுத்தமான மணம் உண்டு. சாறு சற்றுப் பழையதாக இருந்தாலும், பாகு ஒரு துளி கூடிப்போனாலும், அந்த மணம் ஓரளவு மூடி மறைத்துவிடும். வோட்கா பெரும்பாலும் மணமற்றது, ஆகவே எதையும் மறைக்காது. சாறு பழையதென்றால் அது நாக்கில் தெரியும், பாகு கூடினால் தெரியும், ஐஸ் குறைந்தாலும் தெரியும். எனவே, முத்திரை உடையாத, சட்டப்படி விற்கப்படும், சுமார் 40 சதவீத ஆல்கஹால் கொண்ட சாதாரண வோட்கா ஒன்றை வாங்கிக்கொண்டு, மிச்சமுள்ள கவனம் முழுவதையும் பழத்தின் மேலும் சர்க்கரையின் மேலும் ஐஸின் மேலும் வைப்பதே முறை என்பது என் கருத்து. எங்கே காய்ச்சியது என்று தெரியாத சரக்கைத் தொடவே கூடாது. அதில் மெத்தனால் கலந்திருந்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும்.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். தாளும் பேனாவும் கையில் இருந்தால் குறித்துக்கொள்ளலாம். ஒரு கோப்பைக்கு வோட்கா 50 மில்லி, அப்போதே பிழிந்து வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 25 மில்லி, டிரிப்பிள் செக் எனப்படும் ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது 15 மில்லி, சர்க்கரைப் பாகு 15 மில்லி. ஆரஞ்சு மது கிடைக்காவிட்டால் அதை விட்டுவிட்டு, வோட்காவை 60 மில்லியாகவும் பாகை 20 மில்லியாகவும் உயர்த்திக்கொள்ளலாம். தயவுசெய்து கண்மதிப்பில் ஊற்றாதீர்கள். மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடி இருந்தாலே போதும். 25 மில்லி சாற்றில் 5 மில்லி கூடுவது என்பது புளிப்பில் ஐந்தில் ஒரு பங்கு கூடுவதாகும். அதைத் தாங்கும் இடம் இவ்வளவு சிறிய கோப்பையில் இல்லை.

இனி பழத்துக்கு வருகிறேன். தடித்த தோலும் நீள உருண்டை வடிவமும் கொண்ட மஞ்சள் லெமன், மெல்லிய தோலுள்ள சிறிய லைம் என்று இரண்டு வகைப் பழங்கள் நமக்குக் கிடைக்கின்றன. இரண்டின் சாற்றிலும் அமிலம் ஏறத்தாழ 6 சதவீதம். ஆனால் லெமனில் இருப்பது பெரும்பாலும் சிட்ரிக் அமிலம். லைமில் சிட்ரிக் அமிலத்தோடு, பச்சை ஆப்பிளைக் கடிக்கும்போது நாம் உணர்கிற மாலிக் அமிலமும் கணிசமாகச் சேர்ந்திருப்பதால், அதன் புளிப்பு நாக்கில் சற்று நேரம் கூடுதலாகத் தங்குகிறது. லெமன் டிராப்புக்கு மஞ்சள் லெமனே உரியது. லைம்தான் கையில் இருக்கிறதென்றால் அதையே பயன்படுத்தலாம். பானம் வேறொன்றாக மாறும், கெட்டுப்போகாது. ஆரஞ்சுச் சாற்றை மட்டும் இந்த இடத்தில் வைத்துவிடாதீர்கள். அதன் அமிலம் சுமார் 1 சதவீதமே என்பதால், பாகின் இனிப்பை எதிர்த்து நிற்கும் வலு அதற்கு இல்லை.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பழத்தைச் சிறிது நேரம் வெளியே வைத்து, மேசைமேல் உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டுக் குறுக்கே வெட்டிப் பிழிந்தால் சாறு தாராளமாக இறங்கும். கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிய வேண்டாம். தோலுக்குள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி நசுங்கிக் கசப்பு இறங்கும். இந்தக் கசப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிழிந்த நேரத்தில் கசக்காத சாறு, சில மணி நேரம் கழித்துக் கசக்கத் தொடங்குவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். பழத்தின் திசுக்களில் கசப்பற்ற நிலையில் இருக்கும் ஒரு பொருள், சாற்றின் அமிலத்தோடு சேர்ந்தபின் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. காலையில் பிழிந்து வைத்த சாறு இரவுக்கு உதவாமல் போவதற்கு இது ஒரு காரணம். மணம் பறந்துபோவது இன்னொரு காரணம். புட்டியில் அடைத்து விற்கும் சாற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மணம் என்றேன். எலுமிச்சையின் மணத்தில் பெரும்பகுதி சாற்றில் கிடையாது, மேல்தோலின் மஞ்சள் பரப்பில் இருக்கும் எண்ணெய்ப் பைகளில்தான் இருக்கிறது. ஒரு துண்டுத் தோலை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மஞ்சள் பக்கம் வெளியே இருக்கும்படி இரு விரல்களால் சட்டென்று மடக்கிப் பாருங்கள். நுண்ணிய துளிகள் புகைபோல் சீறிப் பாய்வது கண்ணுக்கே தெரியும். விரலில் ஒட்டிய அந்த மணம் நெடுநேரம் போகாது. அதில் பெரும்பங்கு லிமோனீன் என்ற எண்ணெய். தண்ணீரில் அது கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். இதனால்தான் தோலை எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் ஊற்றிய பானம் வெறும் புளிப்பாக நின்றுவிடுகிறது.

தோலைப் பயன்படுத்த எனக்குப் பிடித்த வழி, பாகிலேயே அதைச் சேர்ப்பது. நான்கு லெமன் பழங்களை நன்றாகக் கழுவி, ஈரம் துடைத்து, வெள்ளைப் பகுதி வராமல் மஞ்சள் தோலை மட்டும் மெல்லிதாகச் சீவிக்கொள்ளுங்கள். அதோடு 100 கிராம் சர்க்கரையைச் சேர்த்து, கரண்டியின் பின்புறத்தால் சற்று நசுக்கி, மூடி வைத்துவிடுங்கள். தோலின் ஈரத்தையும் எண்ணெயையும் சர்க்கரை தன்பால் இழுக்கும். நான்கைந்து மணி நேரத்தில் அது மழை நின்றபின் கடற்கரை மணல் இருப்பதுபோல் நனைந்து கனத்திருக்கும். தோல் துண்டுகள் விறைத்துச் சுருண்டிருக்கும். மூடியைத் திறந்ததும் எழும் மணத்துக்காகவே இவ்வளவு பாடும் படலாம். அதில் 100 கிராம் வெந்நீரை ஊற்றிச் சர்க்கரை கரையும்வரை கலக்கி வடிகட்டினால் பாகு தயார். அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட வேண்டாம், மணம் ஆவியோடு போய்விடும். நேரமில்லாதவர்கள் சம எடைச் சர்க்கரையும் தண்ணீரும் கலந்த வெறும் பாகையே பயன்படுத்தி, தோலைக் கோப்பையின் மேல் மடக்கி எண்ணெயைத் தெளித்துக்கொள்ளலாம். இங்கே சம எடை என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஒரு கிண்ணம் சர்க்கரை ஒரு கிண்ணம் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால், கிண்ணத்தால் அளந்தால் பாகு நீர்த்துப்போகும், நான் சொன்ன 15 மில்லி கணக்கு தவறிவிடும். சர்க்கரையை அப்படியே கோப்பையில் கொட்டிக் கலக்குவதும் பயன் தராது. அது ஆல்கஹாலில் ஏறத்தாழ கரையாது, குளிரில் கரையும் வேகமும் குறைவு, அடியில் தங்கிவிடும்.

சாறு, பாகு, வோட்கா மூன்றையும் ஆரஞ்சு மதுவோடு சேர்த்து மூடியுள்ள எஃகுப் பாத்திரத்தில் ஊற்றியதும், ஐஸ் போடுவதற்கு முன் ஒரு சொட்டு ருசி பாருங்கள். அப்போது அது சற்றுக் கூடுதலாக இனித்தால்தான் சரி. குளிர்ந்த பொருளில் இனிப்பை நம் நாக்கு குறைவாகவே உணர்கிறது. புளிப்பை உணர்வது அந்த அளவுக்குக் குறைவதில்லை. அறை வெப்பத்தில் கச்சிதமாக இருந்த கலவை, கோப்பைக்கு வந்தபின் பல்லைக் கூசவைப்பதற்கு இதுவே காரணம். இன்னும் 5 மில்லி பாகு வேண்டுமா, 5 மில்லி சாறு வேண்டுமா என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பழத்தின் புளிப்பும் ஒவ்வொரு விதம். கசப்பு லேசாகத் தெரிந்தால், விரல் நுனியில் எடுத்த சில உப்புக் கற்களைச் சேருங்கள். உப்புச் சுவை தெரியாது, கசப்பு அடங்கும்.

ஐஸ் குளிரூட்ட மட்டும் இருக்கிறது என்று நினைப்பவர்கள் அதைக் கஞ்சத்தனமாகப் போடுகிறார்கள். உண்மையில், இந்தப் பானத்துக்கு வேண்டிய தண்ணீரைத் தருவதும் ஐஸ்தான். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. கலவை குளிர்வதில் பெரும்பகுதி இந்த உருகுதலால் நடக்கிறது. ஆகவே குளிர்ச்சியும் நீர்ப்பும் ஒன்றைவிட்டு ஒன்று வராது. பாத்திரத்தின் முக்கால் பாகம் நிறையும்படி பெரிய ஐஸ் கட்டிகளைப் போட்டு, இறுக மூடி, 12 முதல் 15 விநாடி வரை பலமாகக் குலுக்குங்கள். கலவை பூஜ்ஜியத்துக்கும் கீழே சில டிகிரி இறங்கிவிடும். ஆல்கஹாலும் சர்க்கரையும் இருப்பதால் அது உறைவதில்லை. பாத்திரத்தின் வெளிப்புறம் வெண்பனி படிந்து கையை உறுத்தத் தொடங்குவதே போதும் என்பதற்கு அடையாளம். முடிவில் கோப்பையில் இருப்பதில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஐஸிலிருந்து வந்த தண்ணீராக இருக்கும். இதே காரணத்தால், குலுக்கப்போகும் வோட்காவை முன்கூட்டியே உறைபெட்டியில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. முதலிலேயே குளிர்ந்துவிட்ட கலவையில் ஐஸ் போதிய அளவு உருகாது. பானம் காட்டமாகவும் கெட்டியாகவும் இருக்கும்.

குளிரவைத்த கோப்பையில் வடிகட்டி ஊற்றுங்கள். விளிம்பில் சர்க்கரை வேண்டுமென்றால், எலுமிச்சைத் துண்டால் வெளிப்புறத்தை மட்டும் ஈரமாக்கி, பாதி வட்டத்துக்கு மட்டும் பொடிச் சர்க்கரையில் தொட்டு எடுங்கள்; இனிப்போடு ஒரு வாய், இனிப்பில்லாமல் ஒரு வாய் என்று அருந்துகிறவரே தீர்மானித்துக்கொள்வார்.

நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டியிருந்தால் முறை வேறு. 200 மில்லி வோட்கா, 60 மில்லி ஆரஞ்சு மது, 60 மில்லி பாகு ஆகியவற்றைக் கலந்து முந்தைய நாளே உறைபெட்டியில் வைத்துவிடலாம். ஆல்கஹால் மிகுந்த அந்தக் கலவை வீட்டு உறைபெட்டியின் குளிரில் உறையாது. கொடுக்கும் நேரத்தில், புதிதாகப் பிழிந்து குளிரவைத்த 100 மில்லி சாற்றையும் 150 மில்லி குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றிக் கிளறினால் போதும். குலுக்கும்போது ஐஸ் தந்திருக்கக்கூடிய தண்ணீரை இங்கே நாமே அளந்து சேர்க்கிறோம். குலுக்கிய பானத்தில் இருக்கும் நுண்ணிய குமிழிகளும் மென்மையும் இதில் இராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. இனிப்பும் புளிப்பும் ஆல்கஹாலின் காட்டத்தை மறைத்துவிடுவதால் இந்தப் பானம் வேகமாக இறங்கும். ஆனால் நான் சொன்ன அளவில் ஒரு கோப்பையில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஓர் அலகுக்கு 10 கிராம் என்று கணக்கிடும் நாடுகளில் இது இரண்டு அலகு. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாகனம் ஓட்ட வேண்டியவர்களும், கருவுற்றிருப்பவர்களும், மருந்து சாப்பிடுகிறவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். லெமனுக்குப் பதிலாகக் கிரேப்ஃப்ரூட் சாற்றைச் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின், இரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின் போன்ற மருந்துகள் உடலில் சிதைவதை அந்தப் பழம் தடுப்பதால், இரத்தத்தில் மருந்தின் அளவு அபாயகரமாக உயரக்கூடும். சாற்றில் ஆல்கஹால் கலந்தாலும் கலக்காவிட்டாலும் இது பொருந்தும்.

வெளியே வெயிலில் நின்று பழம் பிழிகிறவர்கள், குறிப்பாக லைம் பிழிகிறவர்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். அதன் தோலில் உள்ள சில பொருள்கள் கையில் படிந்திருக்கும்போது வெயில் பட்டால், ஓரிரு நாளில் அந்த இடம் தீக்காயம்போல் கொப்பளிக்கும், அதன் கறுப்புத் தழும்பு மறைய வாரக்கணக்கில் ஆகும். வணக்கம்.