விபிஎன் ‘கனெக்டட்’, ஆனா சர்வர் வரல: எங்கேர்ந்து தேடணும்?

(திரையில்: கிளவுட் போர்ட்டல். விபிஎன் கனெக்‌ஷன் பக்கத்தில் ‘கனெக்டட்’ என்று பச்சை எழுத்து. பக்கத்து விண்டோவில் பிங் ஓடுகிறது; ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ வரிசையாக வருகிறது.)

வணக்கம். ஆபீஸையும் கிளவுட்டையும் இணைக்கற விபிஎன், போர்ட்டல்ல ‘கனெக்டட்’னு இருக்கு, பக்கத்துல பிங் ஒண்ணுகூட திரும்பி வரல. ரெண்டுமே உண்மைதான். இந்தக் கட்டத்துல நிறைய பேர் கேட்வேயை, அதாவது கிளவுட் பக்கத்து விபிஎன் முனையை, ரீசெட் பண்ணிடறாங்க. தயவுசெஞ்சு அதை முதல்ல பண்ணாதீங்க. ரீசெட் பண்ணினா டன்னல், அதாவது ரெண்டு பக்கத்தையும் இணைக்கற பூட்டின பாதை, அறுந்து புதுசா எழும். அதோட பாக்கெட்டை எண்ணற கவுன்டரெல்லாம் பூஜ்யத்துக்குப் போயிடும், கோளாறு எங்கன்னு காட்டிட்டிருந்த தடயமும் போயிடும்.

உங்களுக்கு முன்னாடி இருக்கறது ரெண்டு தனித்தனி கேள்வி. டன்னல் எழுந்துச்சா? எழுந்த டன்னல்ல பாக்கெட் போய்த் திரும்புதா? இதுல எது உங்க பிரச்சினைன்னு தெரியாம எந்த செட்டிங்கையும் தொட வேண்டாம்.

(திரையில்: ஆபீஸ் ஃபயர்வாலின் வெளி இன்டர்ஃபேஸில் எடுத்த பாக்கெட் கேப்சர்.)

முதல்ல டன்னலே எழாத நிலைமை. டன்னலைப் பூட்டற முறைக்குப் பேர் ஐபிசெக். அதோட பேச்சுவார்த்தை, அதாவது ஐகேஇ, யூடிபி போர்ட் 500ல தொடங்கும். நடுவுல நாட், அதாவது ஐபி முகவரியை மாத்தி அனுப்பற வேலை, இருந்தா யூடிபி 4500க்கு மாறிடும். நாட் இல்லைன்னா டேட்டா ஈஎஸ்பியா, அதாவது ஐபி ப்ரோட்டோகால் 50ஆ போகும். அது போர்ட் இல்ல, ப்ரோட்டோகால் நம்பர். ‘போர்ட் 50ஐத் திறந்துட்டோம்’னு யாராவது சொன்னா அந்த ரூலை ஒருதடவை நீங்களே பாத்துடுங்க.

இந்தக் கேப்சர்ல 500ல கேள்வி போகுது, பதிலும் வருது. அடுத்தது 4500ல போகுது, அங்க அமைதி. அப்படின்னா வழியில ஏதோ ஒரு ஃபயர்வால் 500ஐ மட்டும் விட்டிருக்கு. 500லயே பதில் வரலைன்னா எதிர்ப்பக்கத்து பப்ளிக் ஐபி சரியான்னு பாருங்க.

பதில் வந்தும் எழலைன்னா லாக் பேசும். ‘நோ ப்ரொபோசல் சோசன்’னா என்கிரிப்ஷன், ஹாஷ், சாவி உருவாக்கற டிஃபி ஹெல்மேன் குரூப் இதுல எதுவோ ரெண்டு பக்கமும் பொருந்தல. ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’னா ப்ரீ ஷேர்டு கீ, அதாவது ரெண்டு பக்கமும் முன்கூட்டியே வச்ச ரகசியச் சொல், தப்பா இருக்கலாம். ஆனா ஐடியையும் பாருங்க. நாட்டுக்குப் பின்னாடி இருக்கற டிவைஸ் தன்னோட பிரைவேட் ஐபியையே அடையாளமா அனுப்பும், கிளவுட் பக்கம் பப்ளிக் ஐபியை எதிர்பார்த்துட்டிருக்கும். கீ சரியா இருந்தும் கதவு திறக்காது. ‘டிஎஸ் அன்அக்செப்டபிள்’னா எந்த நெட்வொர்க்லேர்ந்து எந்த நெட்வொர்க்குக்குங்கற பட்டியல் ஒத்துப்போகல.

பழைய ஐகேஇ பதிப்பு 1ல கீ தப்புன்னா ‘கீ தப்பு’ன்னே வராது. அந்த கீயை வச்சுதான் அடுத்த செய்தியையே பிரிக்கணும். பிரிச்சா குப்பை வரும். அதனால லாக்ல ‘மால்ஃபார்ம்டு பேலோடு’ன்னு இருக்கும். அதைப் பாத்து ஃபர்ம்வேர்ல பக்னு தேட ஆரம்பிச்சுடாதீங்க.

(திரையில்: டன்னல் நிலையின் வரைபடம். ஏறக்குறைய ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை பள்ளம்.)

இந்த கிராஃப்ல கொஞ்சம் நிக்கலாம். ஏன்னா ரொம்ப பேரை அலைய விடறது இதுதான். டன்னல் நல்லா எழுந்துடுது, வேலை செய்யுது, ஏறக்குறைய ஒரு மணிநேரத்துல விழுது. திரும்ப எழுந்துடுது, திரும்ப விழுது. இன்டர்நெட் லைன் மேல பழி போடத் தோணும். ஆனா லைன் கோளாறு கடிகாரம் பாத்து வராது.

ஐகேஇ பதிப்பு 2ல முதல் சைல்டு எஸ்ஏ, அதாவது டேட்டா போற பாதை, ஆதென்டிகேஷன் பரிமாற்றத்துக்குள்ளயே உருவாயிடும். அதுக்குத் தனியா டிஃபி ஹெல்மேன் கிடையாது. ஏற்கெனவே பேசி வச்ச சாவியிலேர்ந்தே எடுத்துக்கும். அதனால பிஎஃப்எஸ் (ஒவ்வொரு தடவையும் புது சாவி) குரூப் ஒரு பக்கம் 14, இன்னொரு பக்கம் 2ன்னு இருந்தாலும் முதல் தடவை யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. ரீகீ, அதாவது சாவியைப் புதுப்பிக்கற நேரத்துலதான் அந்த குரூப்பையே முதல்முறையா பேசுவாங்க. அங்க ஒத்துப்போகாது, டன்னல் அறுந்துடும். பிறகு முதல்லேர்ந்து எழுப்பினா மறுபடி அதே சலுகை, அதே ஒரு மணிநேரம். அமேசானோட ஏடபிள்யூஎஸ்ல ஃபேஸ் 2 ஆயுள், அதாவது அந்த டேட்டா பாதையோட ஆயுள், டிஃபால்ட்டா 3600 வினாடி. மைக்ரோசாஃப்டோட அஸூர்ல 27000 வினாடி, அதாவது ஏழரை மணிநேரம். அதனால அதே தப்பு ஒரு இடத்துல மதியத்துக்குள்ள தெரியும், இன்னொரு இடத்துல எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் தெரியும்.

அதனால புது டன்னல் எழுந்ததுமே வேலை முடிஞ்சதுன்னு எழுதிடாதீங்க. உங்க டிவைஸ்ல ஃபேஸ் 2 ஆயுளைத் தற்காலிகமா 900 வினாடி வச்சு, ஒரு ரீகீயைத் தாண்டுதான்னு கண்ணால பாத்துட்டு பழைய மதிப்புக்கு மாத்துங்க. எனக்கு இது பிடிவாதமான விதி.

(திரையில்: ஃபயர்வாலில் டன்னல் கவுன்டர். ‘என்கேப்ஸ்’ ஏறிக்கொண்டே போகிறது, ‘டீகேப்ஸ்’ 0.)

இப்போ ரெண்டாவது கேள்வி. பிங் ஓடட்டும், இந்த ரெண்டு எண்ணை மட்டும் பாருங்க. அனுப்பின பக்கம் ஏறுது, வாங்கின பக்கம் பூஜ்யம். அதாவது நம்ம பாக்கெட் டன்னலுக்குள்ள போயிடுச்சு, பதில் வரல. அனுப்பினதே பூஜ்யம்னா கோளாறு நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு: ஒண்ணு ரூட் இல்ல, இல்லைன்னா இன்டர்நெட்டுக்குப் போட்ட நாட் ரூல் டன்னல் டிராஃபிக்கையும் சேத்துப் பிடிச்சுக்குது. நாட் விலக்கு ரூல் அதுக்கு மேல இருக்கணும்.

பதில் வரலைங்கற நிலைமைக்கு வருவோம். கிளவுட் கேட்வேயோட மெட்ரிக்ல உள்ளே வர்ற பைட்டும் ஏறுதுன்னா பாக்கெட் அங்க சேர்ந்துடுச்சு. அடுத்து அந்த சர்வர்லயே டிசிபிடம்ப், அதாவது வர்ற போற பாக்கெட்டைக் காட்டற கருவியை, ஓட விடுங்க. பாக்கெட் சர்வருக்கே வரலைன்னா செக்யூரிட்டி குரூப், என்எஸ்ஜி (அஸூர்ல அதே மாதிரி அனுமதி ரூல் பட்டியல்), சப்நெட் ரூல் இதுல தேடுங்க. வருது, சர்வர் பதிலும் சொல்லுது, ஆனா நமக்கு சேரலைன்னா திரும்புற வழி இல்ல. ஏடபிள்யூஎஸ்ல வர்ச்சுவல் பிரைவேட் கேட்வே வச்சிருந்தா, சப்நெட்டோட ரூட் டேபிள்ல ரூட் ப்ராபகேஷன் (வழிகளைத் தானா சேத்துக்கறது) ஆன் பண்ணியிருக்கா, இல்ல கையால ரூட் போட்டிருக்கான்னு பாருங்க. அஸூர்ல நெட்வொர்க் இன்டர்ஃபேஸோட ‘எஃபெக்டிவ் ரூட்ஸ்’ பக்கம் இருக்கு. அது ரூட் டேபிள்ல நாம எழுதினதைக் காட்டறதில்ல, உண்மையில நடப்புல இருக்கறதைக் காட்டுது. அங்கதான் பாக்கணும்.

டாக்கர், அதாவது கன்டெய்னர் ஓட்டற மென்பொருள், ஓடற சர்வர்னா இன்னொரு பொறி இருக்கு. டாக்கரோட டிஃபால்ட் பிரிட்ஜ், அதாவது அதோட உள் நெட்வொர்க், 172.17.0.0/16ஐ எடுத்துக்கும். உங்க ஆபீஸ் நெட்வொர்க்கும் 172.17ல இருந்தா, சர்வர் பதிலை டன்னல் பக்கம் அனுப்பாம தனக்குள்ளயே இருக்கற அந்த பிரிட்ஜுக்கு அனுப்பிடும். பாக்கெட் வந்தது டம்ப்ல தெரியும், பதில் வெளியே போனது தெரியவே தெரியாது. வீட்டு ரவுட்டர் 192.168.1.0/24, கிளவுட் சப்நெட்டும் அதேன்னா இதே கதைதான். லேப்டாப் பக்கத்துலயே தேடும், டன்னலை எட்டிக்கூடப் பாக்காது. முகவரியை மாத்தணும், முடியலைன்னா நாட் போடணும்.

ஒரு விஷயம்: பிங்கை மட்டும் நம்பாதீங்க. விண்டோஸ் ஃபயர்வால் வெளியேர்ந்து வர்ற பிங்கை வழக்கமா தடுத்திடும். 3389, 22, 443னு எந்த போர்ட் உங்களுக்கு வேணுமோ அதையே தட்டிப் பாருங்க.

(திரையில்: எஸ்எஸ்ஹெச் லாகின் ஆகிறது. ஒரு பெரிய ஃபைலைக் காட்டச் சொன்னதும் டெர்மினல் உறைந்து நிற்கிறது.)

லாகின் ஆகுது, சின்ன கமாண்ட் ஓடுது, பெரிய அவுட்புட் வந்தா உறையுது. இது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா போகலாம்ங்கற அளவு. வழக்கமான பாக்கெட் 1500 பைட். ஐபிசெக் தன்னோட ஹெடரைச் சேக்கும்போது அது மிஞ்சிடும். ‘துண்டாக்காதே’ங்கற கொடி போட்ட பாக்கெட்டை நடுவுல இருக்கற ரவுட்டர் கீழே போட்டுட்டு ஐசிஎம்பியில தகவல் சொல்லும். அந்த ஐசிஎம்பியை யாரோ தடுத்திருந்தா அனுப்பினவருக்கு எதுவுமே தெரியாது, அதே அளவுலயே அனுப்பிட்டிருப்பார். அந்தக் கொடியோட பிங் அளவை 1472லேர்ந்து இறக்கிட்டே வாங்க. எந்த அளவுல பதில் வருதோ, அதோட ஹெடருக்கு 28 கூட்டினா அந்தப் பாதையோட எம்டியூ. டிசிபிக்கு டிவைஸ்ல எம்எஸ்எஸ் கிளாம்ப், அதாவது ஒரு பாக்கெட்ல போற டேட்டாவுக்கு உச்சவரம்பு, போடுங்க. அஸூருக்கு மைக்ரோசாஃப்ட் சொல்ற அளவு 1350. யூடிபிக்கு இந்த கிளாம்ப் உதவாது.

ஐபி போட்டா வருது, பேர் போட்டா வரலைன்னா கோளாறு டிஎன்எஸ்ல, அதாவது பேரை ஐபியா மாத்தற இடத்துல. அஸூரோட டிஎன்எஸ் முகவரியான 168.63.129.16, விநெட்டுக்குள்ளேர்ந்து (அஸூர்ல இருக்கற உங்க நெட்வொர்க்) கேட்டாதான் பதில் சொல்லும், ஆபீஸ்லேர்ந்து கேட்டா சொல்லாது. உள்ளே ஒரு ரிசால்வர் வச்சு, ஆபீஸ் டிஎன்எஸ்லேர்ந்து அதுக்கு ஃபார்வர்ட் பண்ணணும்.

தனி லேப்டாப்லேர்ந்து பாயின்ட் டு சைட்ல வர்றவங்களுக்கு ஒண்ணு. அஸூர்ல புதுசா விநெட் பியரிங், அதாவது இன்னொரு விநெட்டோட இணைப்பு, சேத்தா, விண்டோஸ் கிளையன்ட் பேக்கேஜைத் திரும்ப டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணணும். ரூட் பட்டியல் அந்தப் பேக்கேஜுக்குள்ளதான் இருக்கு.

இதெல்லாம் பாத்தும் பிடிபடலைன்னா சப்போர்ட்டுக்கு எழுதுங்க. ‘விபிஎன் வேலை செய்யல’ன்னு ஒரு வரி போதாது. ரெண்டு பக்கத்து பப்ளிக் ஐபி, அறுந்த நேரம் யூடிசியில, அந்த நேரத்து ஐகேஇ லாக், ரெண்டு பக்கத்து கவுன்டரும் சேத்து அனுப்புங்க. மறக்காம ப்ரீ ஷேர்டு கீயை அதுலேர்ந்து எடுத்துடுங்க.