சூடான வண்டி மீண்டும் புறப்படாதபோது

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் காட்பாடியில் சாவியைத் திருப்பியதும் புறப்பட்ட கார், ஆம்பூர் வரை ஒரு குறையுமின்றி ஓடிவிட்டு, குடும்பத்தார் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் உண்டு முடித்து வந்து ஏறும்போது மட்டும் புறப்பட மறுக்கிறது. ஒரு மணி நேரம் புளியமர நிழலில் நின்றால், எதுவுமே நடவாததுபோல் மறுபடி ஓடுகிறது. பணிமனைக்கு வரும்போதோ அது நல்ல பிள்ளையாகிவிடும். மெக்கானிக் நாலு முறை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'எதற்கும் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுவார். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லி அனுப்பியவன்தான்.

ஓடும் வண்டியில் எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் சுழல்கிறது, விசிறி ஓடுகிறது, எதிர்க்காற்றும் அடிக்கிறது. அணைத்த கணமே இவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. ஆனால் இரும்பில் தேங்கிய வெப்பம் உடனே போய்விடுவதில்லை. அது பானெட்டுக்குள்ளேயே பரவுவதால், அணைத்த பிறகு பத்து இருபது நிமிடங்களுக்கு அங்குள்ள சில உறுப்புகள் ஓட்டத்தின்போது இருந்ததைவிடக் கூடுதலாகச் சூடேறுகின்றன. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் வேலூரில் இது இன்னும் கடுமையாக இருக்கும். ஆகவே, டீ குடித்துவிட்டு வரும் நேரந்தான் இந்தப் பழுது தலைகாட்டும் நேரம். அதைக் கண்டுபிடிக்கவும் அதுவே நேரம். ஆறவிட்டுப் பார்த்தால் தடயம் போய்விடும்.

அந்த நேரத்தில் முதலில் கவனிக்க வேண்டியது, செல்ஃப், அதாவது ஸ்டார்ட்டர் மோட்டார், எஞ்சினைச் சுற்றுகிறதா, இல்லையா என்பதே. சுற்றவில்லையென்றால் பெட்ரோலையும் பிளக்கையும் பற்றி அப்போது யோசிக்க வேண்டியதில்லை. முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அதன் முனைகளிலோ எர்த் ஒயரிலோ பிடிப்பு தளர்ந்திருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டாரே இறுகியிருக்கலாம். விளக்கு மங்காமல் எரிந்தும் செல்ஃப் அசையவில்லையென்றால், மின்சாரம் மோட்டாரைச் சென்று சேரவில்லை. ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச்), சாவி ஸ்விட்ச், செல்ஃபின் மேலுள்ள சோலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்தச் சுருள்) ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். செம்புக் கம்பியின் மின்தடை 80 டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது. புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் பழைய சோலினாய்டு, காலையில் இழுத்து மாலையில் இழுக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் மட்டும் அதைக் குறை சொல்லுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத வண்டிதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர், எங்களைப் போன்றவர்களின் பேச்சைக் கேட்டு ஒரே கோடையில் பேட்டரியையும் பெட்ரோல் பம்பையும் மாற்றியிருந்தார். மூன்றாம் முறை அவருடனேயே வண்டியில் ஏறிப் பள்ளிகொண்டா வரை போய், கால்மணி நேரம் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் மட்டும் பூச்சியத்திலிருந்து அசையவில்லை. காலையில் அதே வண்டியில், செல்ஃப் சுற்றும்போதே அந்த முள் துள்ளியதைப் பார்த்திருந்தேன். எஞ்சின் சுழல்கிறது என்ற செய்தியை, எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்வது கிராங்க் சென்சார். அதனுள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் விட்டுப்போனால், எஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது; தீப்பொறியையும் பெட்ரோலையும் தராது. ஈரத்துணியால் அந்தச் சென்சாரை மட்டும் ஆறவைத்தேன். ஐந்து நிமிடத்தில் வண்டி பிடித்துக்கொண்டது. எஞ்சின் முழுவதும் இன்னும் கொதித்துக்கொண்டிருக்க, ஓர் உறுப்பு ஆறியதும் பழுது நீங்கினால், குற்றவாளி அதுவே. தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தரும் இக்னிஷன் காயிலையும் இதே முறையில் சோதிக்கலாம். தண்ணீரை வாரி ஊற்றாமல் ஈரத்துணி போதும். அதையும் புகைக்குழாயின் மேல் படவிடாதீர்கள்.

முள் அசைகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலின் பக்கம் வாருங்கள். செல்ஃப் அடிக்காமல் சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்ததும் பின்னிருக்கைப் பக்கம் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பம்பையும் அதன் ரிலேயையும் பாருங்கள். மாறாக, பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று பொருள். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கசியலாம், அல்லது தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார், கொதிக்கும் எஞ்சினைக் குளிர்ந்தது என்று பொய் சொல்லி, கூடுதல் பெட்ரோலை வரவழைத்திருக்கலாம். அப்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட, மிகுந்திருப்பது வெளியேறிவிடும்.

அம்பாசடர், பத்மினி போன்ற, இன்ஜெக்டருக்குப் பதில் கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் பழைய வண்டிகளை இன்னும் ஆசையோடு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனைகளில் பாதி தேவையில்லை. அவற்றில் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகி, ஓட்டத்தை அடைத்துவிடும். பம்பின் மேல் ஈரச்சாக்கு போடுகிற பழைய டிரைவர்களின் வழக்கம் மூடநம்பிக்கை அன்று. பழைய டீசல் வண்டிகளில் தேய்ந்த பம்பு, சூட்டில் இளகிய டீசலைக் கசியவிட்டு அழுத்தத்தை இழக்கும்; அதைப் பம்பு வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

சூடான ரேடியேட்டர் மூடியை எந்தச் சோதனைக்காகவும் திறக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை நிமிடம் நின்றது, செல்ஃப் சுற்றியதா, முள் அசைந்ததா, வாடை வந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பழுது பார்த்த வண்டியைப் பணிமனை வாசலில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். நண்பகலில் அதே சாலையில் ஓட்டி, அதே கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்புங்கள். குடியாத்தத்துக்காரர் அப்படித்தான் செய்தார். சென்சாருக்கான பணத்தை மறுநாள்தான் தந்தார்.