வற்றிய குளத்து மீன்கள்

வணக்கம் நேயர்களே. இன்று தாவோ சிந்தனையையும் ‘சிவப்பு மாளிகைக் கனவு’ என்ற சீன நாவலையும் சேர்த்துப் பேசப்போகிறேன்.

ஒரு வீட்டில் ‘பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை’ என்ற பேச்சு எப்போது எழுகிறது? எல்லாரும் சிரித்துப் பேசிச் சாப்பிடுகிற வீட்டில் அது காதில் விழுவதில்லை. பாகப்பிரிவினை வந்துவிட்டது, அண்ணன் தம்பி பேச்சு நின்றுவிட்டது, அம்மா யார் வீட்டில் இருப்பது என்று பேசி முடிக்க மாமா ஊரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், அந்தக் கூடத்தில் கடமை, பாசம், நன்றி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இதைத்தான் பழஞ்சீன ஞானி லாவோ ட்சு ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். இயற்கையின் வழியோடு இசைந்து வாழச் சொல்லும் தாவோ சிந்தனையின் மூல நூலான அவருடைய ‘தாவோ தே ஜிங்’ 81 சின்ன அத்தியாயங்கள் கொண்டது. நம் கவிஞர் சி. மணி தமிழாக்கி, க்ரியா வெளியிட்டிருக்கிறது. அதில் 18-ஆம் அத்தியாயம். ஆறு வகை உறவும் இணக்கம் கெட்ட பிறகுதான் பிள்ளைக்குரிய கடமை, பெற்றோருக்குரிய அன்பு என்ற பேச்சு வந்தது என்கிறார். பெற்றோரைப் பேணுவதையே சமுதாயத்தின் அடித்தளம் என்று கன்பூசியஸ் வழியினர் கற்பித்த நாட்டில் எழுந்த குரல் இது. எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

தாவோ நூல்களில் எனக்கு நெருக்கமானது இன்னொரு பழஞ்சீன ஞானி சுவாங் ட்சுவின் நூல். கதை கதையாகச் சொல்வார். ஒரு கதை இன்றைய பேச்சுக்கு மிகவும் வேண்டியது. ஊற்று வற்றிவிட்டது. மீன்கள் தரையில் கிடக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று மூச்சை ஊதி, எச்சிலால் ஈரப்படுத்தி உயிரைப் பிடித்து வைத்திருக்கின்றன. பார்க்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைவிட, ஆற்றிலும் ஏரியிலும் நீந்திக்கொண்டு ஒன்றையொன்று மறந்து இருப்பது மேல் என்கிறார் அவர்.

உங்களுக்கு உடனே ஔவையார் நினைவுக்கு வந்திருப்பார். ‘அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல் உற்றுழித் தீர்வார் உறவல்லர்.’ நீர் வற்றியதும் பறந்துபோகும் பறவை உறவல்ல. அதே குளத்தில் கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போல ஒட்டிக் கிடப்பதுதான் உறவு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே! மூதுரை ஒட்டிக்கொள் என்கிறது, சுவாங் ட்சு மறந்துவிடு என்கிறார். அப்படியானால் இருவரும் எதிரெதிரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவாங் ட்சு மறக்கச் சொல்வது எங்கே? ஆற்றில். தண்ணீர் இருக்கும் இடத்தில். காய்ந்த சேற்றில் கிடக்கும் மீனை விட்டுவிட்டுப் போ என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தண்ணீர் இருந்தால்தான் மறக்க முடியும். இதைத் திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய நூலிலேயே இன்னொரு கதையும் உண்டு. நாட்டைவிட்டு ஓடும் ஒருவர், ஆயிரம் பொன் பெறும் பச்சைக்கல்லைப் போட்டுவிட்டுக் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிறார். ஏனப்பா, குழந்தை அவ்வளவு விலை பெறாதே, சுமப்பதும் கஷ்டமாயிற்றே என்று கேட்கிறார்கள். கல்லோடு என்னைச் சேர்த்தது லாபம், குழந்தையோடு சேர்த்தது வானம் என்கிறார் அவர். இப்படி ஒரு கதை இருக்கும் நூலைப் பாசத்துக்கு எதிரானது என்று எப்படிச் சொல்வது?

சரி, நாவலுக்கு வருகிறேன். தாவோ சிந்தனையும் வீட்டுச் சண்டையும் இப்படிப் பின்னிக் கிடக்கும் இன்னொரு நூலை நான் படித்ததில்லை. ‘சிவப்பு மாளிகைக் கனவு’. எழுதியவர் சாவ் ஷுவேச்சின், 18-ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் குடும்பம் நான்ஜிங் நகரில் அரசின் பட்டு நெசவுப் பொறுப்பைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது. கங்ஷி பேரரசர் தெற்கே சுற்றுப்பயணம் வந்தால் அங்கேதான் தங்குவார். அடுத்த பேரரசர் காலத்தில், 1728 வாக்கில், சொத்தெல்லாம் பறிமுதல் ஆயிற்று. அப்போது இவர் சிறுபிள்ளை. பிற்காலத்தில் பெய்ஜிங்குக்கு மேற்கே வறுமையில் இருந்து இந்த நாவலை எழுதினார். வீடே கஞ்சி குடிக்கிறது, மது கடனுக்கு வருகிறது என்று அவருடைய நண்பர் ஒருவர் பாட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதே நண்பர் இன்னொன்றும் குறிப்பிடுகிறார்: சில மாதங்களுக்கு முன் தன் சிறு மகன் இறந்துபோக, அந்தத் துக்கத்திலேயே நோயில் விழுந்து சாவ் காலமானார்.

சீனப் பெயர்கள் வானொலியில் குழப்பும். ஜியா ஜெங், ஜியா ஜிங், ஜியா ஜென் என்று நான் அடுக்கினால் நீங்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் முறை சொல்லியே பேசுகிறேன். நாயகன் பாவ்யூ என்ற பையன். அவன் அப்பா. அப்புறம், மூத்த வழியில் வந்த, அவனுக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர்.

இந்தப் பெரியப்பாவைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. யாரும் இவரைப் பொருட்படுத்துவதில்லை. நாவலில் ஒன்றிரண்டு இடங்களில்தான் தலைகாட்டுகிறார். அரசாங்கத் தேர்வில் தேறியவர், படித்தவர். குடும்பப் பட்டத்தை மகன் தலையில் கட்டிவிட்டு, சாகாவரம் பெறுவதற்காக நகருக்கு வெளியே தாவோ கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டார். ரசவாதம், பாதரச மருந்து, விரதம். பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் வரமாட்டார். எனக்கு ஏதாவது செய்ய வேண்டுமானால் ஒரு நல்வினை நூலைப் பத்தாயிரம் படி அச்சடித்து ஊருக்குக் கொடு என்கிறார். பேரனின் மனைவி இறந்தபோதும் வரவில்லை. சீக்கிரமே வானுலகம் ஏறப்போகிறவர் தூசி படிந்த உலகத்துக்குத் திரும்புவாரா?

கேட்க ஆளில்லாத வீட்டில் மகன் தலைகீழாக ஆடுகிறான். சூதாட்டம், குடி, சொல்லக் கூசும் சில விஷயங்கள். 63-ஆம் அத்தியாயத்தில் பெரியப்பா இறந்த செய்தி வருகிறது. வயிறு இரும்பு மாதிரி இறுகிக் கிடக்கிறது, உதடெல்லாம் வெடித்திருக்கிறது. தானே காய்ச்சிய மருந்தை விழுங்கிவிட்டார். கோயில்காரர்கள் அவர் தேவராகிவிட்டார் என்று சாதிக்கிறார்கள். மருமகள் அதையெல்லாம் காதில் வாங்காமல் அவர்களைப் பூட்டிவைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுகிறாள். இந்த ஒரு காட்சிக்காகவே அந்த மருமகளை எனக்குப் பிடிக்கும்.

அவருக்கு ஒரு சின்னப் பெண்ணும் உண்டு, ஷிச்சுன். உறவினர் வீட்டில் வளர்கிறாள். படம் வரைவாள், அதிகம் பேசமாட்டாள். 74-ஆம் அத்தியாயத்தில் தன் அண்ணியிடமே வெட்டிப் பேசிவிடுகிறாள்: நான் சுத்தமாக இருக்கிறேன், உங்களோடு சேர்ந்து நான் ஏன் கெட வேண்டும்? கடைசியில் பௌத்தத் துறவியாகிவிடுகிறாள். அப்பா விட்டுப் போனார், மகளும் விட்டுப் போகிறாள். இருவரையும் ஆசிரியர் சேர்த்துவைத்துப் பேசவே இல்லை. நாமாகத்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரியப்பா படித்ததும் தாவோ நூல்கள்தான். ஆனால் மீன் கதையை அவர் பாதிதான் படித்தார். குளம் வற்றுகிறது என்றதும் தான் மட்டும் துள்ளி வெளியே போனார். குஞ்சுகள் சேற்றிலேயே கிடந்தன. தண்ணீர் இருந்தால்தான் மறக்க முடியும் என்று சொன்னேன் அல்லவா?

பாவ்யூவின் அப்பா இதற்கு நேர்மாறு. பிடித்த பிடியை விடாதவர். பையன் படிக்க வேண்டும், தேற வேண்டும், குலப்பெருமை காக்க வேண்டும். பையனோ சுவாங் ட்சு படிக்கிறான். அதுவும் எப்போது? தன் பணிப்பெண் ஷிரெனோடு மனஸ்தாபம் வந்த இரவில். உலகப் பற்றே வேண்டாம் என்று அதே நடையில் தானும் ஒரு பத்தி எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறான். மறுநாள் அத்தை மகள் தாய்யூ அதைப் படித்துவிட்டு, உன் புத்தியின்மையைச் சொல்லாமல் பிறர் மேல் பழி போடுகிறாயே என்று கீழேயே ஒரு பாட்டு எழுதிவைக்கிறாள். கோபித்துக்கொண்டு ஞானியாகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் ஏது?

அப்புறம் 33-ஆம் அத்தியாயம். மாற்றாந்தாய் மகன், அதாவது சொந்தத் தம்பியே, அப்பாவிடம் கோள் மூட்டுகிறான். அப்பா வேலையாளின் கையிலிருந்த மூங்கிலைப் பிடுங்கித் தானே அடிக்கிறார், சாகும் அளவுக்கு. ஓடிவந்த அம்மா, இறந்துபோன மூத்த மகன் பெயரைச் சொல்லி அழுகிறாள்: நீ இருந்திருந்தால் இவனைப் போல நூறு பேர் செத்தாலும் நான் கவலைப்பட மாட்டேன்! அடிபட்டுக் கிடக்கும் பையன் காதில் இது விழுந்திருக்காதா? பிறகு பாட்டி வருகிறாள். உன் அப்பா உன்னை எப்படி வளர்த்தார் என்று தன் மகனைப் பார்த்துக் கேட்கிறாள். அதிகாரி, பெரிய மனிதர், மண்டியிட்டு அழுகிறார். அந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லார் மேலும் பாசம்தான். பாசத்தில்தான் மூச்சுத் திணறுகிறது.

முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாவ்யூ அப்பா கேட்டபடி தேர்வில் தேறுகிறான். தேறிய கையோடு காணாமல் போகிறான். பனி கொட்டும் நாளில் படகில் இருக்கும் அப்பாவின் முன் வெறுங்காலோடு வந்து நான்கு முறை வணங்குகிறான். ஒரு பிக்குவும் ஒரு தாவோ துறவியும் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பலர் இந்த இடத்தில் கண்கலங்குவார்கள். எனக்கு மட்டும், கர்ப்பிணி மனைவியை வீட்டில் விட்டுவிட்டுத்தானே போகிறான் என்று கோபம் வரும். பெரியப்பாவும் இப்படித்தானே போனார்! 1791-இல் நாவல் அச்சாகும்போது சேர்ந்த கடைசி 40 அத்தியாயங்கள் வேறொருவர் எழுதியவை என்று ஒரு வாதம் வெகுகாலமாக நடக்கிறது. எனக்கு அந்தப் பக்கம் சாய்வு உண்டு, காரணம் இந்தக் கோபமாகவும் இருக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். இருபதாம் நூற்றாண்டுச் சீன எழுத்தாளர் பா ஜின் எழுதிய ‘குடும்பம்’ நாவலைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். செங்டு நகரத்துப் பெரிய வீடு. மூத்த அண்ணன் எதையும் எதிர்க்காமல் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டே மனைவியை இழக்கிறான். செயலற்றிருத்தல் என்று தாவோ சொல்வது இந்தக் கும்பிடு அல்ல, அது பயம். 1931-இல் ஷாங்காய்ச் செய்தித்தாளில் அந்தத் தொடர் வெளிவரத் தொடங்கிய நேரத்தில், அந்தப் பாத்திரத்துக்கு மூலமான பா ஜினின் சொந்த அண்ணன் தற்கொலை செய்துகொண்டார். அண்ணன் படிக்க வேண்டும் என்றே எழுதிய கதை.

‘சிவப்பு மாளிகை’யைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் ஒரு தாளில் வம்சாவளியை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து அத்தியாயம் கொஞ்சம் படுத்தும். ஆறாவதில் கிராமத்திலிருந்து ஒரு கிழவி உதவி கேட்டு வருவாள், அங்கிருந்து நூல் உங்களை இழுத்துக்கொண்டு போகும். வணக்கம்.