ஓர் அறைதான் ஊர்

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மேற்குச் சமவெளியில் குடியேறி நிலம் பிடித்தவர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கன்சாஸ், டகோடா, மொன்டானா என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் நெப்ராஸ்கா மாநிலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். 1930களின் பிற்பகுதியில் அரசாங்கமே ஆட்களை அனுப்பி, அங்கிருந்த முதியவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதி வைத்தது. மழை பொய்த்தது, வெட்டுக்கிளி வந்தது, பனிப்புயல் அடித்தது என்று பேச்சு போகும். எங்கே சுற்றினாலும் கடைசியில் பள்ளிக்கூடம் வந்துவிடும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு காலமெல்லாம் கலப்பை பிடித்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஏன் இவ்வளவு பெரிதாக இருந்தது? அதற்கான பதில் அவர்களுக்கு நிலம் கொடுத்த சட்டத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1862 மே 20 அன்று ஹோம்ஸ்டெட் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். 21 வயது நிறைந்தவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். அந்த நிலத்திலேயே வீடு கட்டி, 5 வருடம் குடியிருந்து, பயிர் செய்து காட்டினால் பட்டா கிடைக்கும். கணவனை இழந்த பெண்களும் திருமணமாகாத பெண்களும்கூட விண்ணப்பிக்கலாம். 1886இல் சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில், நம் ஊர் மாவட்டம் மாதிரியான பகுதி அது, எடுத்த ஒரு படத்தில், கிறிஸ்மன் சகோதரிகள் நால்வர் தங்கள் மண் வீட்டின் முன் நிற்கிறார்கள். வாய்ப்பிருந்தால் அந்தப் படத்தைப் பாருங்கள். அந்த முகங்களில் இருக்கும் உறுதியை என்னால் சொல்லில் கொண்டுவர முடியாது.

'அந்த நிலத்திலேயே குடியிருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். 160 ஏக்கர் சதுரத்தின் ஒரு பக்கம் அரை மைல். ஒவ்வொரு குடும்பமும் தன் சதுரத்துக்குள் தனியாக இருந்தது. வீடுகள் ஒன்றாகக் கூடி, சுற்றிலும் வயல் இருக்கிற ஊர் அங்கே உருவாக வழியே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாட வேண்டுமென்றாலும் புல்லில் வெகுதூரம் நடக்க வேண்டும்.

வீடு கட்ட மரமும் கிடையாது. புல்லும் வேரும் பின்னிக் கிடக்கும் மேல்மண்ணைக் கலப்பையால் பட்டை பட்டையாக உரித்து, 2 முதல் 3 அடி நீளத்துக்கு வெட்டி, புல் பக்கம் கீழே வரும்படி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு, எல்லாம் சரி. ஆனால் மழை பெய்தால் கூரை ஒழுகும், மழை விட்ட பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். மண் உதிராமல் இருக்க உள்ளே மேலே துணி கட்டினார்கள். அடுப்பெரிக்க விறகு இல்லாத இடங்களில் காய்ந்த சாணம்தான். அதைப் பொறுக்கி வருவது பிள்ளைகளின் வேலை.

அப்படிப்பட்ட இடத்தில்தான் நாலைந்து மைல் சுற்றளவில் இருந்தவர்கள் சேர்ந்து பள்ளிக்கூடம் கட்டினார்கள். முதல் பள்ளிகள் பலவும் அதே புல்மண் கட்டடங்கள்தான். அரசாங்கமும் ஒரு வழி வைத்திருந்தது. நிலத்தை 36 சதுர மைல் கொண்ட டவுன்ஷிப்களாக அளந்து, ஒவ்வொன்றையும் ஒரு சதுர மைல் துண்டுகளாகப் பிரித்து எண் போட்டிருந்தார்கள். அதில் 16ஆம் எண் நிலமும் 36ஆம் எண் நிலமும் பள்ளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த நிலத்தின் வருமானம் பள்ளிகளுக்கு. மற்றதெல்லாம் மக்கள் கைப்பணமும் கையுழைப்பும்.

ஒரே அறை. நடுவில் ஓர் இரும்பு அடுப்பு. அடுப்பருகே இருப்பவருக்கு முகம் வேகும், சுவரோரம் இருப்பவருக்கு விரல் விறைக்கும். 6 வயதுக் குழந்தையும் 17 வயதுப் பையனும் ஒரே கூரையின் கீழ். ஒவ்வொரு வகுப்பாக முன் பெஞ்சுக்கு வந்து பாடம் ஒப்பிக்க, மற்றவர்கள் சிலேட்டில் கணக்குப் போடுவார்கள். அப்படியே மேல் வகுப்புப் பாடமும் காதில் விழுந்து பாதி மனப்பாடமாகிவிடும். பன்றிக்கொழுப்பு வாங்கிய தகர வாளிதான் சாப்பாட்டுத் தூக்கு. குடிக்க ஒரு வாளித் தண்ணீர், எல்லாருக்கும் ஒரே குவளை. பெரிய பையன்கள் அறுவடை முடிந்த பிறகுதான் வருவார்கள், விதைப்பு தொடங்கினால் காணாமல் போய்விடுவார்கள்.

டீச்சருக்குப் பல சமயம் 16, 18 வயதுதான் இருக்கும். சம்பளம் குறைவு. தங்குவதற்கு இடம் கிடையாது, மாணவர்கள் வீட்டில் மாறி மாறித் தங்க வேண்டும். இரவு எந்த வீட்டுப் பிள்ளையோடு ஒரே கட்டிலில் படுத்தாரோ, காலையில் அந்தப் பிள்ளையையே கண்டிக்க வேண்டும். விடியும் முன் போய் அடுப்பு மூட்டுவதும் அவர்தான்.

பள்ளி விட்ட பிறகும் அந்த அறை சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை அங்கேதான், தேர்தல் அங்கேதான், எழுத்துக்கூட்டல் போட்டி அங்கேதான். பெண்கள் அலங்கரித்துக் கொண்டுவரும் சாப்பாட்டுப் பெட்டிகளை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அந்தக் காசில் பள்ளிக்கு விளக்கோ புத்தகமோ வரும். சட்டம் பிரித்து வைத்தவர்களை அந்த அறை சேர்த்து வைத்தது.

அந்த அறைக்கு வந்த பெரிய சோதனை 1888 ஜனவரி 12. காலையில் வெயில் இதமாக இருந்தது, பிள்ளைகள் கனமான கோட்டு இல்லாமலே கிளம்பினார்கள். பள்ளி விடும் நேரத்தை ஒட்டிப் பனிப்புயல் வந்தது. கையை நீட்டினால் கை தெரியாது. மீரா பள்ளத்தாக்கில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியையின் பள்ளிக் கூரை பிய்ந்து போனது. பிள்ளைகளை ஒரு வீட்டுக்கு நடத்திச் சென்று அத்தனை பேரையும் காப்பாற்றினார். பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. எனக்கு அதிகம் நினைவில் நிற்பவர் பிளெய்ன்வியூ பக்கத்து லோயிஸ் ராய்ஸ். அவர் பள்ளியில் எரிபொருள் தீர்ந்துபோனது. 3 பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்குப் புறப்பட்டார். வீடு கூப்பிடு தூரம்தான், ஆனால் வழி தெரியவில்லை. இரவு முழுக்க வெட்டவெளியில் கிடந்தார்கள். மூன்று பிள்ளைகளும் இறந்தார்கள். அவர் உயிர் பிழைத்தார், பாதங்களை இழந்தார். அவருடைய துணிச்சலும் மின்னியின் துணிச்சலுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. அந்தப் புயலில் சமவெளி முழுவதும் சுமார் 235 பேர் இறந்ததாகக் கணக்கு. அதில் நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள்.

இந்த நினைவுகளைப் போற்றும்போது நிலம் யாருடையது என்பதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்று, முதல் விண்ணப்பதாரர்களில் ஒருவரான டேனியல் ஃப்ரீமன் பியாட்ரிஸ் அருகே நிலம் பதிவு செய்தார். அது ஓட்டோ மிசூரியா என்ற தொல்குடி மக்களின் தாயகம். அதே கவுண்டியில் அவர்களுக்கு மிஞ்சியிருந்த இடத்தையும் விட்டு, 1881இல் தெற்கே ஓக்லஹோமாப் பக்கம் போக நேர்ந்தது. 1884இல் ஜெனோவாவில் தொல்குடிப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் ஓர் உறைவிடப் பள்ளி திறந்து 1934 வரை நடத்தியது. குடியேறிகளின் பள்ளி, பிள்ளையை மாலையில் வீட்டுக்கு அனுப்பியது. ஜெனோவா பள்ளி, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்தது. ஒரே மாநிலத்தில், ஒரே காலத்தில் இரண்டும் நடந்தன.

டேனியல் ஃப்ரீமன் பெயரைச் சொன்னேன், மின்னிக்கு அவர் உறவில்லை. அவர் நிலத்துக்குப் பக்கத்தில் 1872இல் கட்டிய செங்கல் பள்ளி இன்றும் நிற்கிறது. 1899இல் அங்கே டீச்சர் பைபிள் வாசித்துப் பிரார்த்தனை நடத்துவதை அவர் எதிர்த்தார். பொதுப் பள்ளியில் மத வழிபாடு கூடாது என்று வழக்குப் போட்டார். 1902இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அது எல்லாருக்கும் பொதுவான அறை என்று அவர் நினைத்ததால்தான் அத்தனை தூரம் போனார்.

அந்தப் பள்ளி 1967 வரை நடந்தது. அப்புறம் சாலையும் பேருந்தும் வந்து சின்னப் பள்ளிகளை ஒவ்வொன்றாகப் பெரியவற்றோடு சேர்த்தன. 2005இல் மாநிலச் சட்டமன்றம், தொடக்கக் கல்வி மட்டும் நடத்திய சிறு கிராமப் பள்ளி மாவட்டங்களை, அதாவது பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்புகளை, மற்றவற்றோடு இணைக்கச் சட்டம் போட்டது. மக்கள் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 2006 நவம்பரில் வாக்காளர்கள் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தார்கள். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பே அந்த மாவட்டங்கள் கலைக்கப்பட்டுவிட்டன.