கட்டி கண்ணில், பயாப்சி காதோரத்திலா?

போன வீடியோவில் கண்ணுக்குள் வரும் மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய் பற்றிப் பேசினேன் இல்லையா, அதைப் பார்த்த ஒரு தம்பி கேட்கிறார்: "அப்பாவுக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் மெலனோமா வந்து எடுத்தாயிற்று. இப்போது காதுக்கு முன்னால் கீறி நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அங்கே வீக்கமே இல்லை. நீங்கள் ஈரலைத்தானே பார்க்கச் சொன்னீர்கள்?" இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கண்ணுக்குள்ளே நிணநீர்ப் பாதை கிடையாது, அதனால் உள்ளே வரும் மெலனோமா ரத்தம் வழியாகப் பெரும்பாலும் ஈரலுக்குப் போகிறது. வெள்ளைப் பகுதியை மேலே மூடியிருக்கும் மெல்லிய வெண்படலம் அப்படி இல்லை, அதில் நிணநீர்க் குழாய்கள் நிறைய. மெட்ராஸ் ஐ வந்தவர்களில் சிலருக்குக் காதுக்கு முன்னால் நெறி கட்டி, தொட்டால் வலிக்குமே, அதே பாதைதான். வெண்படல மெலனோமாவும் அந்தக் கணுவுக்கோ தாடைக்குக் கீழே உள்ள கணுவுக்கோ போகலாம்.

வீக்கம் இல்லையே என்றால், கொஞ்சம் செல்கள் மட்டும் போயிருந்தால் கைக்கும் தட்டுப்படாது, ஸ்கேனிலும் தெரியாது. அதனால் கட்டி இருந்த இடத்தருகே டெக்னீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் கலந்த மருந்தைக் கொஞ்சமாக ஊசியில் ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் கணுவை காமா கருவியால் தேடி, அதை மட்டும் எடுப்பார்கள். தோல் மெலனோமாவுக்கு டொனால்ட் மார்ட்டன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1992இல் எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது இது.

எல்லோருக்கும் தேவையில்லை. கட்டி 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், அல்லது புண்ணாகியிருக்கிறது என்றால் யோசிப்பார்கள். முகநரம்பு அந்த வழியாகத்தான் ஓடுகிறது, அதனால் பழகிய கை வேண்டும். கணு சுத்தம் என்று வந்தாலும் பின்னால் பரவுவது சிலருக்கு உண்டு, பரிசோதனைகளைத் தொடர வேண்டும். இன்னொன்று, இது சிகிச்சை இல்லை, தகவல். தோல் மெலனோமாவில் 2017இல் வந்த பெரிய ஆய்வில், கணுவில் நோய் இருந்தவர்களுக்கு மீதிக் கணுக்களையும் உடனே எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. ஆனால் நோய் எந்தக் கட்டம், இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) தேவையா என்று முடிவு செய்ய அந்தத் தகவல் உதவும்.

சரி, என்னிடம் இதைவிட முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, முதல் ஆபரேஷன் எப்படி நடக்க வேண்டும் என்பதுதான். முழுசாக எடுக்க முடிகிற சந்தேகமான கட்டியில் ஓரமாக ஒரு துண்டு கிள்ளிப் பார்க்கக் கூடாது, செல்கள் சிதறலாம். முழுசாக எடுக்க முடியாத அளவுக்குப் பரவலாக இருந்தால்தான் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். கட்டியைத் தொடாமல், சுற்றி நல்ல பகுதியோடு முழுசாக எடுத்து, எடுத்த இடத்தின் ஓரங்களை உறைய வைக்க வேண்டும். ஒரு அம்மா இரண்டு கண்ணிலும் கருவிழியைச் சுற்றிப் பழுப்பாக இருக்கிறது என்று பயந்து ஓடிவந்தார்கள். மாநிறத்தவர்களுக்கு அது சகஜம், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஒரே கண்ணில், புதிதாக, வளர்ந்துகொண்டே போனால்தான் அவசரம். அப்போதும் முடிந்தவரை கிள்ளாமல், முழுசாக எடுக்க வேண்டும்!

தம்பி, அப்பாவின் முதல் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். தடிமன் எத்தனை மில்லிமீட்டர், புண் உண்டா, ஓரங்கள் சுத்தமா, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கணுவில் கைவைக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.