போக்கரில் திறமை உண்டு. அந்தத் திறமை யாருடையது?

(வேலூரில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

போக்கர் ஆட்டத்தில் திறமையால் சம்பாதிக்க முடியுமா, இல்லை எல்லாமே அதிர்ஷ்டம்தானா என்று கேட்டுத்தான் என்னை இங்கே அழைத்திருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும். திறமையால் சம்பாதிக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். முன்வரிசையில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. பிள்ளைகள் எதிரில் இப்படிப் பேசலாமா என்று நினைக்கிறீர்கள். பேசித்தான் ஆக வேண்டும். 'எல்லாம் அதிர்ஷ்டம், கிட்டப் போகாதே' என்று நாம் சொன்னால், பிளஸ் டூவில் நிகழ்தகவு ஒழுங்காகப் படித்த ஒரு பையன் அரை மணி நேரத்தில் அது உண்மையில்லை என்று கண்டுபிடித்துவிடுவான். அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் அவன் நம்ப மாட்டான்.

பாலாற்றங்கரையில் வேலிக்காத்தான் மறைவில் நடக்கிற உள்ளே வெளியே ஆட்டத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். சீட்டு உள்ளே விழும், இல்லாவிட்டால் வெளியே விழும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. போக்கர் அந்த ஜாதி ஆட்டம் இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகத் தருவார்கள். ஐந்து சீட்டு நடுவில், எல்லோருக்கும் பொதுவாக, படிப்படியாகத் திறக்கும். ஒவ்வொரு படியிலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். திறமை இருப்பது இந்த முடிவுகளில்தான்.

ஓர் ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உங்கள் கையில் ஆர்டின், அதாவது இதயக் குறி போட்ட ஒன்பது, ஆர்டின் எட்டு. நடுவில் நான்கு சீட்டு திறந்தாயிற்று: ஆர்டின் ராஜா, ஆர்டின் நாலு, இஸ்பேட் ராணி, கிளாவர் இரண்டு. இன்னும் ஒரே ஒரு சீட்டு பாக்கி. எதிராளி கையில் ஒரு ராஜா இருக்கிறது, அவருக்கு ஜோடி சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சீட்டு ஆர்டினாக வந்தால் ஐந்து ஆர்டின் சேர்ந்து நீங்கள் ஜெயிப்பீர்கள். வேறு எது வந்தாலும் தோல்விதான். கட்டில் 52 சீட்டு. நீங்கள் பார்த்தது ஆறு, பார்க்காதது 46. பதின்மூன்று ஆர்டினில் நான்கு தெரிந்துவிட்டது, ஒன்பது மிச்சம். ஆக 46 தடவையில் 9 தடவை ஜெயம்.

நடுவில் 600 ரூபாய் சேர்ந்திருக்கிறது. எதிராளி 300 கட்டுகிறார். நீங்களும் 300 போட்டால்தான் கடைசிச் சீட்டைப் பார்க்க முடியும். போடலாமா? இதே நிலைமை 46 தடவை வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்பது தடவை 900 கிடைக்கும், மொத்தம் 8,100. முப்பத்தேழு தடவை 300 போகும், மொத்தம் 11,100. நிகரமாக 3,000 ரூபாய் நட்டம். அதே எதிராளி 300க்குப் பதில் 150 மட்டும் கட்டியிருந்தால்? ஒன்பது தடவை 750, அதாவது 6,750 வரும். முப்பத்தேழு தடவை 150, அதாவது 5,550 போகும். 1,200 லாபம். உங்கள் சீட்டு அதேதான், நடுவில் இருக்கும் சீட்டும் அதேதான், ஆர்டின் விழும் வாய்ப்பும் அதேதான். கட்டச் சொன்ன தொகை மாறியதும் நட்டம் லாபமாகிவிட்டது. ஆர்டின் விழுமா விழாதா என்பது அதிர்ஷ்டம். 300க்கு ஒதுங்கி, 150க்குப் போடத் தெரிவது திறமை.

இது அடிப்படைக் கணக்கு மட்டும். எதிராளி இதற்கு முன் எப்படி ஆடினார், எவ்வளவு கட்டும்போது அவர் கை உண்மையிலேயே கனமாக இருந்தது, கையில் ஒன்றுமில்லாமலே எப்போது ஏற்றினார் என்பதெல்லாம் அடுத்த படிகள். ஜான் வான் நியூமன் என்ற பெரிய கணித மேதை 1928இலேயே விளையாட்டுக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டுவிட்டார். 1944இல் மார்கென்ஸ்டர்ன் என்ற பொருளாதார அறிஞரோடு சேர்ந்து எழுதிய நூலில் போக்கரையே எடுத்துக்கொண்டு, வெறுங்கையோடு மிரட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு என்று நிறுவினார்.

திறமை உண்டு என்பதற்கு இன்னும் நேரடியான சான்றுகளும் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலக போக்கர் தொடரின் முடிவுகளை ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். தொடர் தொடங்கும் முன்பே திறமைசாலிகள் என்று பெயர் வாங்கியிருந்தவர்கள் கட்டிய பணத்துக்குச் சராசரியாக 30 சதவீதத்துக்கு மேல் லாபம் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு 15 சதவீதத்துக்கு மேல் நட்டம். 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ராடஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டம் ஆடித் தெளிவாக ஜெயித்தது. இரண்டு வருடம் கழித்து புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் மேஜையிலேயே வென்றுகாட்டியது. வெறும் அதிர்ஷ்டமாக இருந்தால் ஒரு நிரல் இத்தனை ஆயிரம் ஆட்டத்தில் மனிதர்களைத் தொடர்ந்து வெல்ல வழியே கிடையாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜெயிக்கிறவனுக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது?

நெசவாளி தறியில் உட்கார்ந்தால் ஒரு லுங்கி உருவாகிறது. ஆம்பூரில் ஒருவர் வேலை பார்த்தால் ஒரு ஜோடி செருப்பு உருவாகிறது. போக்கர் மேஜையில் எதுவும் உருவாவதில்லை. உட்கார்ந்தவர்கள் கொண்டுவந்த பணம்தான் சுற்றுகிறது. அதிலும் ஒரு பங்கு மேஜை நடத்துகிறவருக்கு. ஆங்கிலத்தில் ரேக் என்கிறார்கள். பொய்கை மாட்டுச் சந்தையில் விற்றவனுக்கு லாபமோ வாங்கினவனுக்கு நட்டமோ, சுங்கம் வசூலிப்பவர் கணக்கில் அது வராது. அதுபோலத்தான் இதுவும். ஆறு பேர், ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். ஓர் ஆட்டத்தில் சராசரியாக 200 ரூபாய் நடுவில் சேருகிறது, அதில் ஐந்து சதவீதம் ரேக் என்று வையுங்கள். ஆட்டத்துக்கு 10 ரூபாய். மணிக்கு 25 ஆட்டம் என்றால் 250 ரூபாய். ஆறு பேரும் சமமான திறமைசாலிகளாக இருந்தால், 24 மணி நேர ஆட்டத்தில் மேஜையில் இருந்த 6,000 ரூபாயும் நடத்துகிறவர் கைக்குப் போய்விடும். ஆறு திறமைசாலிகள் ஆடி ஒருவருக்கும் ஒரு ரூபாய் மிஞ்சாது.

அப்படியானால் திறமைசாலி எப்படிச் சம்பாதிக்கிறான்? தன்னைவிடத் திறமை குறைந்தவர்களோடு உட்கார்ந்து சம்பாதிக்கிறான். ரேக்கையும் மீறி லாபம் வர வேண்டுமானால் மேஜையில் சிலர் நன்றாகத் தோற்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். உள்ளே வெளியே ஆட்டத்தில் தெரியாதவனும் தெரிந்தவனும் ஒன்று. யாருக்கு வேண்டுமானாலும் விழும். போக்கரில் அந்த வாய்ப்புகூட இல்லை. ஆட்டத்தில் திறமை எவ்வளவு அதிகமோ, தெரியாதவன் தோற்பது அவ்வளவு நிச்சயம். 'இது திறமை ஆட்டம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைப் புதிதாக வருகிறவன் தனக்குத் தரப்பட்ட நற்சான்றாக எடுத்துக்கொள்கிறான். அவனைப் பொறுத்தவரை அது எச்சரிக்கை.

சரி, நான் தெரிந்தவனா தெரியாதவனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குப் பெரிய கவலை.

நல்ல ஆட்டக்காரர் ஒருவர் 100 ஆட்டத்துக்குச் சராசரியாக 50 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாயோடு உட்காரும் மேஜையில் இது கௌரவமான வருமானம்தான். ஆனால் அதே 100 ஆட்டத்தில் ஏற்ற இறக்கம், நாங்கள் திட்டவிலக்கம் என்று சொல்வது, ஏறக்குறைய 1,000 ரூபாய் இருக்கும். பத்தாயிரம் ஆட்டம் ஆடினால் அவருக்குச் சராசரியாக வர வேண்டியது 5,000. ஏற்ற இறக்கமோ 10,000. கணக்குப் போட்டால், இத்தனை ஆட்டத்துக்குப் பிறகும் அந்த நல்ல ஆட்டக்காரர் நட்டத்தில் நிற்க நூற்றுக்கு 31 பங்கு வாய்ப்பு இருக்கிறது. மணிக்கு 25 ஆட்டம் வீதம் பத்தாயிரம் ஆட்டத்துக்கு 400 மணி நேரம் ஆகும். ஒரு லட்சம் ஆட்டம் ஆடினால்தான் அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஆறு அளவுக்கு இறங்கும். இவ்வளவும் மணிக்குப் பன்னிரண்டரை ரூபாய்க்கு. அதற்கு ஒரு டீ குடிக்கலாம்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 100 ஆட்டத்துக்கு 50 ரூபாய் நட்டப்பட வேண்டிய சுமாரான ஆட்டக்காரர் பத்து பேர் இருந்தால், பத்தாயிரம் ஆட்டத்துக்குப் பிறகும் மூன்று பேர் லாபத்தில் நிற்பார்கள். அந்த மூன்று பேரும் தங்களைத் திறமைசாலிகள் என்று மனப்பூர்வமாக நம்புவார்கள். கையில் பணம் இருக்கிறதே! வேலையை விடுவதும், இன்னும் பெரிய மேஜைக்குப் போவதும் இவர்கள்தான்.

ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு நோட்டோடு வந்தார். 'சார், நான் ஜெயிக்கிறேன், நீங்களே பாருங்க' என்றார். கோடு போட்ட நீள நோட்டு. தேதி, எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார் என்று நீல மையில் அழகாக எழுதியிருந்தார். கூட்டிப் பார்த்தால் லாபம்தான். தேதிகளை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். சம்பள நாளை ஒட்டி ஒவ்வொரு மாதமும் நாலைந்து நாள் காணோம். 'இந்த நாளில் ஆடலையாப்பா?' என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'ஆடினேன் சார், அன்னைக்கு எழுத மனசு வரலை' என்றார். மனைவியின் வளையலை அடகு வைத்த வட்டியும் அந்த நோட்டில் இல்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கணக்கில் கெட்டிக்கார மாணவர். அந்த ஆர்டின் கணக்கை என்னைவிட வேகமாகப் போடுவார். அந்தத் திறமை அவருக்கு இருந்தது. தோற்றதும் எழுந்துவரும் திறமையும், கையில் பேனாவை எடுக்கும் திறமையும்தான் இல்லை. போக்கரில் அவையும் சேர்ந்ததுதான் திறமை.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்றது. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைச் சூதாட்டம் என்றது. நம் மாநிலத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணைய ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அந்தப் பட்டியலை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே விட்டுவிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவாக இருந்தாலும் தடை. ஐம்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றங்கள் ஆட்டத்தில் திறமை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தன. இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பம் கடனில் விழுவது ஆட்டத்தில் திறமை இல்லாததால் அல்ல. திறமை எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பதால்தான். அதனால் அந்தக் கேள்வியை விட்டதை நான் வரவேற்கிறேன். தடை மட்டும் போதும் என்று நினைக்கவில்லை. வேறு பெயரில், வேறு செயலியில் நாளைக்கே வரும். அங்கே எதிரில் ஆடுவது மனிதனா, புளூரிபஸ் மாதிரி ஒரு நிரலா என்றுகூடத் தெரியாது.

ஆட்டத்தின் கணக்கு அருமையான கணக்கு. அதைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க எனக்கு விருப்பமில்லை. பணத்தை எடுத்துவிட்டுக் கணக்கை மட்டும் கொடுக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை இதே இடத்துக்கு வாருங்கள். ஆளுக்கு இரண்டு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்து வாருங்கள், சீட்டுக்கட்டு நான் கொண்டுவருகிறேன். அந்த ஒன்பது, எட்டு ஆர்டினையும் நடுவில் திறந்த நான்கு சீட்டையும் எடுத்து வைத்து, மிச்சம் 46 சீட்டையும் கலைத்துக் கலைத்து 46 தடவை திறப்போம். எத்தனை தடவை ஆர்டின் விழுகிறது என்று பலகையில் எழுதுவோம். சரியாக ஒன்பதுதான் வரும் என்று இல்லை, ஐந்தும் வரலாம், பதினான்கும் வரலாம். ஏன் என்று அப்புறம் உட்கார்ந்து பேசுவோம். பெற்றோர்களும் வாருங்கள்.