வெளியில காசு வாங்கினாலும் கமிஷனா? பாரத் மேட்ரிமோனி காணாம போன நாள்

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. ப்ளே ஸ்டோர்ல பாரத் மேட்ரிமோனின்னு தேடினா ஆப்பே வரல. நம்ம சென்னை கம்பெனிங்க அது! கூடவே கிறிஸ்டியன் மேட்ரிமோனி, முஸ்லிம் மேட்ரிமோனி, ஜோடி, ஷாதி, நௌக்ரின்னு வரிசையா, எங்களுக்கு கமிஷன் கட்டலன்னு கூகுள் தூக்கிடுச்சு. ஏன் தூக்கினாங்கங்கறதுல ஒரு கணக்கு இருக்கு, அதை போட்டுப் பாத்ததுல இருந்து எனக்கு ஆறவே இல்ல, முழுசா பாருங்க.

பேக்ரவுண்ட் சீக்கிரமா சொல்லிடறேன். ஆப்புக்குள்ள டிஜிட்டலா எதை வித்தாலும் கூகுளுக்கு கமிஷன்: வருஷத்துல முதல் 10 லட்சம் டாலருக்கு 15 பர்சன்ட், அதுக்கு மேல 30 (தானா ரினியூ ஆகுற சந்தாவுக்கு மட்டும் 15தான்). ஸ்விக்கியில பிரியாணி வாங்கினா இது கிடையாது, ஆப்ல வரன் தேட பிளான் எடுத்தா உண்டு. எங்க பில்லிங்லதான் காசு வாங்கணும்னு கூகுள் கட்டாயப்படுத்தினதுக்கு 2022 அக்டோபர்ல இந்தியப் போட்டி ஆணையம் 936 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு, அப்பீல்ல அது 216 கோடியா குறைஞ்சது தனி கதை. சரி, உங்க சொந்த பேமென்ட் கேட்வேயும், அதாவது கார்டு, யுபிஐ காசை வாங்கித் தர்ற வேற சர்வீஸும், வச்சுக்கோங்கன்னு கூகுள் இறங்கி வந்துச்சு.

இப்பதான் விஷயமே. சொந்த கேட்வே வச்சா எவ்ளோ குறையும்? வெறும் 4 பர்சன்ட். 30 கட்டுறவங்க 26, 15 கட்டுறவங்க 11.

கல்யாண மண்டபம் புக் பண்ணியிருப்பீங்கல்ல? எங்க சமையல்காரரைத்தான் வைக்கணும், வெளி ஆளுன்னா அதுக்கு தனியா கட்டணும்பாங்க. அதே கதைதான், இங்க மண்டபக்காரர் மொய்யிலயும் பங்கு கேக்குறாரு!

[திரையில: 1,000 ரூபா பிளான்]

1,000 ரூபா பிளான், 30 பர்சன்ட் ஸ்லாப்னு வைங்க. கூகுள் பில்லிங்ல போனா 300 போயிடும். சொந்த கேட்வேன்னா கூகுளுக்கு 260, கேட்வேகாரனுக்கு சுமாரா 2 பர்சன்ட், அதாவது 20, ஆக 280. மிச்சம் 20 ரூபா! அந்த 20 ரூபாய்க்காக ரீஃபண்ட், கஸ்டமர் கம்ப்ளைன்ட் எல்லாம் நாமளே பாக்கணும்னா எவன் மாறுவான் சொல்லுங்க?

அமெரிக்காவுல ஆப்பிள் இதை விட ஒரு படி மேல. ஃபோர்ட்நைட் கேம் வச்சிருக்க எபிக் கம்பெனி போட்ட கேஸ்ல, வெளி லிங்க் வைக்க விடணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. 2024 ஜனவரியில ஆப்பிள் விட்டுச்சு, ஆனா லிங்க்கை தட்டி 7 நாளுக்குள்ள வெளியில வாங்கினாலும் 27 பர்சன்ட் எங்களுக்குன்னுச்சு. 10 டாலருக்கு ஆப்பிளுக்கு 2.70, கார்டு வழியா வாங்கித் தர்றவங்களுக்கு ஸ்ட்ரைப்ங்கற பேமென்ட் கம்பெனியோட ரேட்ல 59 சென்ட், மொத்தம் 3.29. ஆப்புக்குள்ளயே வித்திருந்தா 3 டாலரோட முடிஞ்சிருக்கும்! வெளியில போனா நஷ்டம்ங்க, வீடியோவை கொஞ்சம் நிறுத்திட்டு நீங்களே கூட்டிப் பாருங்க.

ஜட்ஜ் இவான் கொன்சாலஸ் ராஜர்ஸ் இதை விடல. 2025 ஏப்ரல் 30, கோர்ட் அவமதிப்புன்னு தீர்ப்பு, வெளி லிங்க்குக்கு கமிஷனே கூடாதுன்னு உத்தரவு, ஆப்பிளோட ஃபைனான்ஸ் வைஸ் பிரசிடென்ட் சத்தியம் பண்ணிட்டு பொய் சொன்னாருன்னு தீர்ப்புலயே எழுதிட்டாங்க. அடுத்த மாசமே ஃபோர்ட்நைட் அமெரிக்க ஐபோனுக்கு திரும்பி வந்துடுச்சு. அவமதிப்பு அப்பீல்லயும் நின்னுச்சு, கமிஷனே கூடாதுங்கறதை மட்டும் தளர்த்திட்டாங்க.

ஸ்டோர் நடத்த செலவு இருக்கு, வைரஸ் செக் பண்றாங்க, அப்டேட் தள்ளுறாங்க, அதுக்கு காசு வாங்கட்டும், நான் வேணாங்கல. ஆனா அவங்க பில்லிங்கை தொடாத காசுலயும் 26, 27னா அது அநியாயம், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

மேட்ரிமோனி ஆப் என்னாச்சு? மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டாரு, சில நாள்லயே எல்லாம் திரும்ப வந்துடுச்சு. ஆனா தற்காலிகமாத்தான், கமிஷன் பில் மட்டும் தவறாம அனுப்புவோம்னு கூகுள் சொல்லிடுச்சு. ஆப் பண்றவங்க யாராவது பாத்துட்டு இருந்தா, நீங்க எந்த ஸ்லாப்ல கட்டுறீங்கன்னு கமென்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல அந்த கணக்கையும் போட்டுப் பாத்துடலாம்.